ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

கமலக்கண்ணன் தோட்டத்துக் குழாயைத் திருகினான். குழாய் இரண்டு தடவை இருமியது. அரை டம்ளர் துருத்தண்ணீரைக் கக்கிவிட்டு ஓய்ந்துபோனது.

"தண்ணி நின்னு போச்சி," என்று வாசல் பக்கம் பார்த்துக் கத்தினான்.

அவன் கையில் காலிக் குடம் இருந்தது. கொள்ளி வைக்கப் போகிறவன் அவன்தான். செத்துப்போன தெய்வசிகாமணிக்குப் பிள்ளை என்று இருந்தது ஒரே மகள் கார்குழலி. அதனால் அண்ணன் மகனைக் கூப்பிட்டு வேட்டி கட்ட வைத்திருந்தார்கள்.

வாசலில் சாமியானாவுக்குக் கீழே மரப்பெஞ்சில் தெய்வசிகாமணியைக் கிடத்தியிருந்தது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்துக் கால் மணி நேரம் ஆகிறது. சொந்தக்காரப் பெண்கள் வரிசையாக வந்து அவர் தலையில் எண்ணெயும் சீயக்காயும் தொட்டு வைத்து முடித்துவிட்டார்கள். சீயக்காய் நெற்றியில் வழிந்து புருவத்தில் காய ஆரம்பித்திருந்தது. அடுத்தது குளிப்பாட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டுக்கு எமகண்டம் பிறந்துவிடும், அதற்குள் எடுத்தாக வேண்டும். இப்போதே மணி பதினொன்று. முத்தியால்பேட்டையில் அந்தத் தெருவுக்குக் காலை எட்டு மணியோடு பைப் தண்ணீர் நின்றுவிடும், மறுபடி சாயங்காலம் நாலு மணிக்குத்தான். மாடித் தொட்டியில் இருந்ததை நேற்று சாயங்காலத்திலிருந்து வந்துபோன ஜனம் கால் கழுவியே தீர்த்துவிட்டது.

"எதிர் வூட்ல நாலு குடம் கேளுங்கடா," என்றார் யாரோ ஒரு பெரியவர்.

"வேணாம், இருங்க." தலைமாட்டில் உட்கார்ந்திருந்த கார்குழலி எழுந்தாள். "மாடியில டிரம்மு இருக்கு. நூறு லிட்டரு. எப்பவும் ரொம்பியேதான் இருக்கும். கொறைய கொறைய அதுவா ரொப்பிக்கும்."

சொல்லும்போது குரல் நிமிர்ந்துவிட்டது. அப்பா பெஞ்சில் கிடக்கும்போதும், தான் மாட்டிய குழாயைப் பற்றிப் பேசினால் இந்தக் குரல் எப்படித்தான் நிமிர்கிறதோ. அவளுக்கே ஒரு மாதிரியாக இருந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.

கூடத்தில் மீன் தொட்டியை ஒரு போர்வையால் மூடியிருந்தார்கள். சாவு வீட்டில் மீன்கள் ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தால் பார்க்க நன்றாக இருக்காது என்று நேற்று யாரோ செய்த வேலை. அவள் வருவதற்குள் மூடியாகிவிட்டது. அதுவும் நல்லதாகப் போயிற்று. தொட்டியைப் பார்க்கும் தைரியம் அவளுக்கு இல்லை.

தொட்டி அவள் மகள் கவிநிலாவுக்கு வாங்கியது. ஒன்பதாவது பிறந்தநாளுக்கு அழுது அடம்பிடித்து வாங்கினாள், மூன்று மாதத்தில் அலுத்துவிட்டது. லாஸ்பேட்டை வீட்டில் வைக்க இடமில்லை என்று தாத்தா வீட்டுக்கு வந்தது. வேண்டாத சாமான் எல்லாம் அப்படித்தான் அந்த வீட்டுக்கு வந்து சேரும். பழைய மிக்ஸி, காற்றுப் போன சைக்கிள், மூன்றடித் தொட்டியில் ஐந்து கோல்டு பிஷ். தெய்வசிகாமணி எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

கோல்டு பிஷ் என்பது தின்பதும் கழிவதுமாக இருக்கிற சாதி. வாரம் ஒரு தடவை பாதித் தண்ணீரை மாற்றாவிட்டால் தொட்டி நாறிவிடும். தெய்வசிகாமணிக்கோ மில்லில் இருபத்தெட்டு வருஷம் நூல் பெட்டி தூக்கிய வலது தோள் தேய்ந்துபோய், நிறைந்த குடம் ஒன்றைக்கூடத் தூக்க வராது. அதனால் ஞாயிற்றுக்கிழமை தோறும் கார்குழலி ஸ்கூட்டரில் வந்தாள். ரப்பர் குழாயின் ஒரு முனையைத் தொட்டிக்குள் விட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சுவாள். பாதி நாள் மீன்தண்ணீர் வாய்க்குள் வந்துவிடும். அவள் துப்பிக்கொண்டு ஓடுவதைப் பார்த்து அப்பா சிரிப்பார். பழைய தண்ணீர் செம்பருத்திக்குப் போகும். புதுத் தண்ணீரை அவர் சனிக்கிழமை காலையிலேயே குழாய் வைத்து டிரம்மில் பிடித்து வைத்திருப்பார். பைப் தண்ணீரில் மருந்து வாடை இருக்கும். ஒரு நாள் திறந்து வைத்தால்தான் அது போகும், போகாமல் ஊற்றினால் மீன் மல்லாந்துவிடும். தண்ணீர் வடிந்து நிறைய ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரம் இரண்டு பேரும் எதிர் வீட்டுச் சின்னப்பாப்பாவிடம் வாங்கிய இடியாப்பத்தைத் தேங்காய்ப்பாலில் தோய்த்துத் தின்றுகொண்டு எதையாவது பேசுவார்கள். பெரிதாக ஒன்றும் இருக்காது. மூலைக்கடைக்காரன் வண்டி மாற்றியது, கவிநிலா கணக்கில் வாங்கிய மார்க்கு, இப்படி.

அப்புறம் அவளுக்கு அலுத்துவிட்டது. மகளுக்கு மூன்று மாதம், அம்மாவுக்கு மூன்று வருஷம். அவ்வளவுதான் வித்தியாசம்.

அவளுக்கு மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் வேலை. வயலுக்குச் சொட்டுநீர் விடும் குழாய் செய்கிற கம்பெனி. ஒவ்வொரு கட்டிலும் நாலு குழாயை உருவி, ஒவ்வொரு டிரிப்பரிலும் சரியான அளவு சொட்டுகிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவள். வாரத்தில் ஒரே நாள் லீவு, அந்த நாளும் மீனுக்குத் தண்ணீர் மாற்றுவதிலேயே போகிறது என்று முகிலனிடம் புலம்பினாள். புருஷன்காரன், "ஒலகத்துக்கே சொட்டு விடற கம்பெனில இருந்துக்குனு நீ வாயால உறிஞ்சிக்கினு இருக்கியே," என்று கிண்டல் செய்தான். அந்தக் கிண்டல்தான் ஆரம்பம். போன ஆடி மாதம் ஒரே நாளில் மாட்டிவிட்டாள். டிரம்மை மாடிக்கு ஏற்றினாள். மாடித் தொட்டியிலிருந்து அதற்குத் தண்ணீர் இறங்கும், நிரம்பினால் மிதவை அடைத்துக்கொள்ளும். அங்கே வெயிலில் கிடந்து மருந்து வாடை போன தண்ணீர், மெல்லிய குழாய் வழியாக இறங்கி இரவும் பகலும் மீன் தொட்டிக்குள் சொட்டும். கலர் மீன் கடை ஜமால் பாய் தொட்டியின் விளிம்புக்கு ஒரு விரல் கீழே ஓட்டை போட்டுக் கொடுத்தார். கூடுகிற தண்ணீர் அதன் வழியாக வெளியேறி, தானாகவே செம்பருத்திக்குப் போய்விடும். யாரும் எதையும் தொட வேண்டாம்.

அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ரொம்ப நேரம் சொட்டுவதைப் பார்த்தார்.

"நல்லாத்தான் பண்ணியிருக்க," என்றார். கொஞ்சம் கழித்து, "அப்ப ஞாயித்துக்கெழம?" என்று கேட்டார்.

"நான் சும்மா வருவேம்ப்பா. வேல இல்லாம வந்து நிம்மதியா பேசிக்கினு இருக்கலாம்."

வந்தாள். இரண்டு ஞாயிறு வந்தாள். வேலை இல்லாமல் உட்கார்ந்தபோது பேச்சு வரவில்லை. செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கிளம்பினாள். அப்புறம் மாதம் ஒன்று. கடைசியாகத் தீபாவளிக்கு முறுக்கு டப்பாவோடு வந்துபோனது. பொங்கல் வரிசையை அவரே பஸ் ஏறி லாஸ்பேட்டைக்குக் கொண்டுவந்து கொடுத்து, அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார். அதையும் ஒரு சந்திப்பாக அவள் மனசுக்குள் சேர்த்துக்கொண்டாள்.

இடையில் ஒரு ஞாயிறு காலையில் போன் செய்திருந்தார். "குழலி, தண்ணி கலங்கலா இருக்கும்மா. ஒரு எட்டு வந்து பாத்துட்டு போறியா?"

"டிரிப்பர் அடைச்சிருக்கும்பா. கழட்டி வாயால ஊதிட்டு மாட்டு. இன்னிக்கும் கம்பெனிக்கு வரச்சொல்லிட்டாங்க."

கம்பெனி பூட்டியிருந்தது. அவள் கட்டிலில் படுத்துக்கொண்டு யாரோ பிரியாணி செய்வதைச் செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் அவர் தண்ணீர் கலங்கல் என்று சொல்லவே இல்லை. "சொட்டுதாப்பா?" என்று கேட்டால், "சொட்டுது சொட்டுது, ஒரு கொறையும் இல்ல" என்பார்.

நேற்று சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரத்தில், தொட்டிக்கு எதிரே போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். சின்னப்பாப்பா பார்த்துவிட்டுப் போன் செய்தாள்.

அப்போதிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் கார்குழலியைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். அப்பாவோடு மில்லில் வேலை பார்த்த கன்னியப்பன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "மவன பெத்தவன்லாம் கேக்க நாதி இல்லாம கெடக்கறான். வாரம் தவறாம வந்து மீனுக்கு தண்ணி மாத்துனியே, அவன் குடுத்து வெச்சவன்மா," என்று அழுதார். சின்னப்பாப்பா காலையில் வந்து பெட்டியருகே நின்று, "இன்னிக்கும் என் கை அதுபாட்டுக்கு பத்து இடியாப்பத்த எடுத்து தனியா வெச்சிருச்சி," என்று மூக்கைச் சிந்தினாள். பழைய கதையைச் சொல்கிறார்கள் என்று கார்குழலி நினைத்துக்கொண்டாள். இல்லை, நான் கொஞ்ச நாளாக வருவதில்லை என்று யாரிடமும் சொல்லவில்லை. தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். மூன்று பேர், நாலு பேர் சொன்னதும் அது தனக்குச் சேர வேண்டியதுதான் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது.

பின்கதவைத் திறந்து தோட்டத்துக்கு வந்தாள். குழாயடியிலிருந்து பார்த்தால் தெரியாத மூலையில், சுவரை ஒட்டி, கைப்பிடி இல்லாத சிமெண்டுப் படி மாடிக்குப் போகிறது. முதல் படியில் கால் வைக்கப் போனவள் நின்றுவிட்டாள்.

படிகளில் வரிசையாகப் பாத்திரங்கள் இருந்தன. மூன்றாவது படியிலிருந்து படிக்கு மூன்றாக. தூக்குவாளி, பெயிண்டு டப்பா, குக்கரின் அடிப்பாத்திரம், எவர்சில்வர் சொம்பு, அம்மா சீராகக் கொண்டுவந்த பித்தளைத் தவலை, கவிநிலா கடற்கரையில் மண் விளையாடிய சிவப்பு வாளி. எல்லாவற்றிலும் தண்ணீர் இருந்தது. எதிலும் முழுசாக இல்லை, பாதிதான். எல்லாம் திறந்து கிடந்தன. படிக்குப் பக்கத்தில் தரையில் நின்றால் குனியாமலே எடுத்துவிடலாம், அப்படி ஒரு உயரம் பார்த்து வைத்திருந்தது.

சுவரோரமாக ஒட்டிக்கொண்டு அவற்றைத் தாண்டி மேலே ஏறினாள்.

டிரம்மின் வாயைச் சாக்கால் மூடிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. அவிழ்த்தாள். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. துடைத்துக் காய வைத்த டிரம். அடியில் மெல்லிய குழாய் வளையமாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. மிதவையையும் டிரிப்பரையும் செய்தித்தாளில் சுற்றி ரப்பர் போட்டிருந்தது. மில்லில் உதிரி சாமான்களை அப்படித்தான் சுற்றி வைப்பார்கள் என்று அப்பா ஸ்க்ரூவைக்கூடத் தாளில் சுற்றுவார். அவள் தாளைப் பிரித்துத் தேதியைப் பார்த்தாள். நவம்பர் மாதம். தண்ணீர் கலங்கல் என்று அவர் போன் செய்தாரே, அதற்கு அடுத்த நாள் பேப்பர்.

கீழே இறங்கி வந்து பின்கதவில் நின்றாள்.

"டிரம்முல தண்ணி இல்ல."

"அதுல எப்படிடீ இருக்கும்?" என்றாள் கலைமகள். அப்பாவின் தங்கை, கடலூரிலிருந்து விடிகாலை பஸ்ஸில் வந்தவள். "நீதான கழட்டி வெச்ச? மிஷின் ஊத்தற தண்ணி மீனுக்கு ஒத்துக்கல, நான் முன்ன மாறியே வந்து கையால மாத்திக்கிறேம்ப்பான்னு நீ சொன்னியாமே. எங்கண்ணன் போன்ல பேசறப்பெல்லாம் இதத்தான் சொல்லும். எம்பொண்ணு மிஷின நம்பலன்னு அதுக்கு அவ்ளோ பெரும."

கார்குழலிக்குக் காதில் விழுந்தது, புரிய நேரம் எடுத்தது. கமலக்கண்ணன் அதற்குள் அவளைத் தாண்டித் தோட்டத்துக்குள் போய்விட்டான்.

"இந்தா படியில இவ்ளோ இருக்கே!" என்றான்.

"அது மீனுக்குடா. சனிக்கெழம காலையில புடிச்சி வெச்சிரும். ஞாயித்துக்கெழம இவ வந்து ஊத்துவா." கலைமகள் கொஞ்சம் யோசித்தாள். "பரவால்ல, எடுத்தா. எங்கண்ணன் புடிச்ச தண்ணி. அதுக்கே ஆவட்டும்."

பாத்திரங்கள் கைமாறி வாசலுக்குப் போயின. ஆண்கள் பெஞ்சைச் சுற்றி வேட்டியை விரித்து மறைப்புப் பிடித்தார்கள். முதல் தண்ணீர் மகள் ஊற்ற வேண்டும் என்று அவள் கையில் எதையோ கொடுத்தார்கள். குனிந்து பார்த்தாள். சிவப்பு வாளி. காலை வெயிலில் இருந்த தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. அப்பாவின் நெற்றியில் ஊற்றினாள். காய்ந்த சீயக்காய் கரைந்து கண்ணோரமாக வழிந்தது. முகிலன் உள்ளங்கையால் அதைத் துடைத்துவிட்டான்.

கலைமகள் தலையில் அடித்துக்கொண்டு பாட ஆரம்பித்தாள்.

"ஞாயித்துக்கெழம ஆனா
நடந்து வந்து தண்ணி ஊத்தும்
மவ வந்து நிக்கறாளே, எங்கண்ணே,
மனசு வந்து கண்ண தொறவாயோ..."

நாலு பெண்கள் சேர்ந்து குரல் கொடுத்தார்கள். கார்குழலியின் கையில் இரண்டாவது பாத்திரத்தைக் கொடுத்தார்கள். அவள் அதை ஊற்றாமல் வைத்துக்கொண்டு நின்றாள்.

"நான் வரல, அத்த."

பாட்டு ஒரு வரி ஓடி நின்றது.

"இன்னாம்மா?"

"நான் வரவே இல்ல. தீபாவளிக்கு வந்தவதான். பதிமூணு வாரமா இந்த வூட்டு வாசப்படிய நான் மிதிக்கல. டிரம்ம நான் கழட்டல. மிஷின் நல்லாத்தான் ஓடிச்சி. நான் வராம இருக்கத்தான் அத மாட்டுனேன்."

சொல்லிவிட்டாள். இனி யாராவது ஏதாவது திட்ட வேண்டும். அத்தையாவது ஒரு அறை விட வேண்டும். அவள் நிமிர்ந்து நின்று காத்திருந்தாள்.

"பொண்ணு தாங்கல. ஒக்கார வைங்கப்பா," என்றார் கன்னியப்பன்.

"பெத்தவங்க போனா அப்படித்தாண்டீ இருக்கும்," என்று கலைமகள் அவளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். "செஞ்சது எதுவும் ஞாபகத்துல நிக்காது. செய்யாத மாறியே இருக்கும். எங்கம்மா போனப்ப நானும் இப்படித்தான் ஒளறுனேன்."

"ஒளறல அத்த. நெஜமா சொல்றேன்."

"ஞாயித்துக்கெழம ஆனா உள்ள தண்ணி ஊத்தற சத்தம் தெருவுக்கே கேக்கும்மா," என்றார் கன்னியப்பன், குழந்தைக்குச் சொல்வதுபோல. "பத்து மணிக்கு நான் கடைக்குப் போவேன். பொண்ணு வந்திருக்காளாப்பான்னு வெளியேந்து கேப்பேன். உள்ளதான் இருக்கா, கை வேலையா இருக்கான்னு கதவுக்குப் பின்னாலேந்து சொல்லுவான். எனக்குத் தெரியாதா?"

அவள் முகிலனைப் பார்த்தாள். பதிமூன்று ஞாயிறும் அவள் எங்கே இருந்தாள் என்று தெரிந்தவன் அங்கே அவன் ஒருத்தன்தான். கையில் சோப்புக் கட்டியோடு அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"விடு, குழலி," என்றான் மெதுவாக. "எல்லாரும் பாக்கறாங்க."

கூட்டத்தின் ஓரத்தில் சின்னப்பாப்பா நின்றிருந்தாள். எல்லோரும் ஏதோ சொல்லித் தேற்றினார்கள். அவள் மட்டும் வாயைத் திறக்கவில்லை. கார்குழலியின் கண் தன் மேல் பட்டதும் சாமியானாவின் கயிற்றைப் பிடித்து, சரியாகத்தான் கட்டியிருந்த முடிச்சை இன்னும் இறுக்கினாள்.

அவமானம் என்றால் நாலு பேர் காறித் துப்புவது என்றுதான் கார்குழலி நினைத்திருந்தாள். இப்படி நாலு பேர் முதுகைத் தடவிக் கொடுப்பதாக வரும் என்று அவளுக்குத் தெரியாது. உடம்பு முழுக்கக் கூசியது. யாரோ அவள் கையிலிருந்த பாத்திரத்தைச் சாய்த்து ஊற்ற வைத்தார்கள். மூன்றாவது, நாலாவது. பித்தளைத் தவலையை இரண்டு பேர் பிடித்து ஊற்றினார்கள். தண்ணீர் சரியாகப் போதுமானதாக இருந்தது. பெஞ்சிலிருந்து வழிந்து, வாசலில் ஓடி, தெருச் சாக்கடையில் இறங்கியது.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது எடுத்தார்கள். சனிக்கிழமை சாவு என்பதால் பாடையின் காலில் ஒரு கோழிக்குஞ்சைக் கட்டியிருந்தார்கள். தெருமுனை வரைக்கும் போய்ப் பெண்கள் திரும்பினார்கள். எதிர் வீட்டில் நாலு குடம் வாங்கி வீட்டைக் கழுவிவிட்டார்கள். கலைமகள் ஒரு மூலையில் முந்தானையை விரித்துப் படுத்தவள் அப்படியே தூங்கிப்போனாள்.

கார்குழலி தொட்டியின் மேல் இருந்த போர்வையை எடுத்தாள். ஐந்து மீனும் கண்ணாடியோரம் வந்து வாயைத் திறந்து மூடின. தண்ணீர் கொஞ்சம் மங்கலாக இருந்தது, ஒரு வாரத்துக்கு மேல் ஆகாத மங்கல். தொட்டிக்குள் இறங்கியிருந்த மெல்லிய குழாயைக் காணோம். ஜமால் பாய் போட்ட ஓட்டையை ஒரு தக்கையால் அடைத்திருந்தது. தொட்டிக்குக் கீழே பழைய ரப்பர் குழாய் கிடந்தது. அதன் ஒரு முனை வெளுத்து, பல் பதிந்திருந்தது. ஒரு எட்டு வந்து பார்த்திருந்தால் போதும்.

பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. சின்னப்பாப்பா கையில் காபிச் செம்போடு வந்திருந்தாள்.

"வெறும் வயித்தோட இருக்காத. இத குடி."

கார்குழலி செம்பை வாங்கவில்லை. "உங்களுக்குத் தெரியும், இல்லக்கா?"

சின்னப்பாப்பா செம்பை ஜன்னல் கட்டையில் வைத்தாள்.

"ஞாயித்துக்கெழம காலையில வருவாரு. பத்து குடு, பொண்ணு வந்திருக்குன்னு வாங்குவாரு. வண்டியக் காணமேன்னு நெனைப்பேன், கேக்க மாட்டேன். ஒரு வாட்டி தேங்காப்பால மறந்து வெச்சிட்டு வந்துட்டாரு. எடுத்துக்குனு வந்தேன். கதவு சும்மா சாத்தியிருந்துச்சி, தள்ளுனேன். தனியா நின்னுக்குனு சொம்பு சொம்பா மொண்டு ஊத்திக்கினு இருந்தாரு. சட்டையெல்லாம் தண்ணி. என்னப் பாத்துட்டு, குழலி இப்பதான் கெளம்புனான்னாரு."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"இன்னா சொல்றது? ஆமா, வண்டி சத்தம் கேட்டுச்சின்னேன்."

சின்னப்பாப்பா செம்பை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள். "காபி ஆறுது," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நாலு மணிக்குத் தோட்டத்துக் குழாய் இருமத் தொடங்கியது. கார்குழலி வாசலில் கவிழ்ந்து கிடந்த பாத்திரங்களைப் பொறுக்கிக்கொண்டு போனாள். சிவப்பு வாளி சாமியானாக்காரன் ஜமுக்காளத்துக்குக் கீழே கிடந்தது, அதையும் தேடி எடுத்தாள். எல்லாவற்றையும் கழுவினாள். ஒவ்வொன்றாகக் குழாயடியில் வைத்துப் பிடித்து, மூன்றாவது படியிலிருந்து அடுக்க ஆரம்பித்தாள்.

சுடுகாட்டிலிருந்து திரும்பிக் குளித்திருந்த முகிலன் ஈரத் துண்டோடு பின்கதவில் வந்து நின்றான். அவள் செய்வதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். தலையைத் தூக்கி மாடியைப் பார்த்தான்.

"சாமானெல்லாம் மேலதான இருக்கு? எடுத்து மாட்டிட்டா அரை மணி நேர வேல. இல்லன்னா ஜமால் பாய் கடையில சொன்னா மீன எடுத்துக்குவாரு."

"வேணாம்."

"அப்ப யாரு வந்து மாத்துறது?"

அவள் தூக்குவாளியைக் குழாயடியில் வைத்தாள். பாதி வந்ததும் எடுத்தாள். பெயிண்டு டப்பாவை வைத்தாள். பாதி வந்ததும் அதையும் எடுத்தாள்.

"இன்னும் ரொம்பலயே, குழலி."

"இவ்ளோதான்," என்று சொல்லிவிட்டு, அவள் குக்கரின் அடிப்பாத்திரத்தை எடுத்துக் குழாய்க்குக் கீழே வைத்தாள்.